கடைசிப் பதினாறு பக்கம்

வீட்டில் அவளுக்கு அரைக்கிணறு என்று பெயர். கல்லூரிப் பதிவேட்டில் அழகான பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதைச் சொல்லி யார் கூப்பிட்டார்கள்? கிணற்றைத் தாண்டுகிறவன் முழுசாகத் தாண்ட வேண்டும். பாதி தாண்டினால் உள்ளேதான் விழவேண்டும். இவள் எதையும் பாதிக்கு மேல் தாண்டியதில்லை. நீச்சல் வகுப்பில் மிதக்கக் கற்றுக்கொண்டதோடு நின்றாள். கிதாரில் மூன்று கம்பியோடு நின்றாள். ஒரு குளிர்காலத்தில் அப்பாவுக்கு ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்து, ஒரு கையை முடித்துவிட்டு எழுந்துபோனாள். அந்த ஒற்றைக் கையைத்தான் அம்மா இன்றைக்கும் சூடான பாத்திரம் இறக்க வைத்திருக்கிறாள். பெயர் வைத்தது சித்தப்பா. வைத்த வேகத்தில் ஒட்டிக்கொண்டது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். படிப்பு அப்படியா? நாலு வருடக் கணக்குப்பதிவியல் படிப்பில் நாலே மாதம் போயிருந்தபோது, சென்ற ஆண்டின் கடைசி நாள், சாப்பாட்டு மேஜையில் வாயைத் திறந்தாள்.

"அப்பா, எனக்கு இது வேண்டாம். வரலாறு படிக்கறேன். வேற கல்லூரிக்கு மாத்திக்கலாம். படிவத்துல நீங்க கையெழுத்துப் போட்டா போதும்."

"அங்கேயும் பாதியில இறங்கி வருவே" என்றார் அப்பா, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

ரோஷம் வந்துவிட்டது பெண்ணுக்கு. "அம்பது புத்தகம். நாளையிலேர்ந்து ஒரு வருஷம். ஒண்ணைக்கூடப் பாதியில விடமாட்டேன். முடிச்சா நீங்க கையெழுத்துப் போடணும். முடிக்கலைன்னா கணக்கே படிச்சு, நீங்க சொல்ற ஆபீஸ்ல போய் உட்கார்ந்துக்கறேன். அப்புறம் வாயைத் திறந்தா ஏன்னு கேளுங்க."

யாரும் கேட்காத பந்தயத்தைத் தானாகவே இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். ஐம்பது புத்தகம் என்றால் வாரத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டாள். பரீட்சை என்று ஒன்று நடுவில் வரும் என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கணக்குப் படிக்கிற பெண்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் அரசாங்கத்தில் லிஃப்ட் பரிசோதகர். நகரத்தில் எந்தக் கட்டடத்து லிஃப்ட்டும் அவர் கையெழுத்து இல்லாமல் ஓடாது. பத்து மாடி என்றால் பத்து மாடியிலும் நிறுத்தி இறங்கிப் பார்ப்பார். அடியில் இருக்கிற பள்ளத்தில் டார்ச்சோடு இறங்குவார். மேலே மோட்டார் அறையில் கம்பிவடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். கட்டடக்காரர்கள் காப்பி கொடுத்துப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், மந்திரியைக் கொண்டு போன் பண்ணிப் பார்த்தார்கள். "நான் ஏறிப் பாக்காத மாடிக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்." அவ்வளவுதான் பேச்சு. சட்டைப்பையில் கறுப்பு மைப்பேனா ஒன்று இருக்கும். அந்தப் பேனாவைப் பெற்ற பிள்ளைக்குக்கூட ஒரு நிமிஷம் இரவல் கொடுத்ததில்லை.

அப்படிப்பட்ட மனிதர் கதைப்புத்தகத்தை எப்படிச் சோதிப்பார்? அவருக்குக் கதை படிக்கப் பொறுமை கிடையாது. ஆகையால் ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில், முடித்த புத்தகத்தை வாங்குவார். கடைசிப் பக்கத்தை மட்டும் படிப்பார். அதிலிருந்து ஒரு கேள்வி கேட்பார். பதில் சரியாக இருந்தால் தன் பழைய பரிசோதனை நோட்டில் எண், கேள்வி, பதில் எல்லாம் எழுதி "சரி" போடுவார். "ஆரம்பிக்கறதுக்கு ஆயிரம் பேர் இருக்கான். முடிவு தெரிஞ்சவன்தான் முடிச்சவன்" என்பது அவர் கட்சி. இவளும் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிய பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே டிக் போட்டுக்கொள்வாள்.

இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். கடைசிப் பக்கத்தை மட்டும்தான் கேட்பார் என்று தெரிந்த பிறகு, முழுப் புத்தகத்தையும் எதற்குப் படிக்கவேண்டும்?

ஆனால் அவள் படித்தாள். அதைச் சொல்லிவிட வேண்டும். இருபத்திரண்டு புத்தகம் நேர்மையாக, அட்டை முதல் அட்டை வரை படித்தாள். மே மாதம் பரீட்சை வந்தது, கூடவே காய்ச்சலும் வந்தது. இருபத்திமூன்றாம் புத்தகம் மேஜையில் ஒரு வாரம் கிடந்தது. ஒரு வரி படிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா நோட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார். குளியலறைக்குள் புத்தகத்தை எடுத்துப்போய், நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தாள். ஒரு அக்கா, ஒரு தம்பி, நனைந்த குடை, ஒரு சுவர்க்கடிகாரம்.

"கதவைத் திறந்தாளா?" என்று கேட்டார் அப்பா.

"திறந்தா. ஆனா உள்ளே வான்னு சொல்லலை."

"சரி" விழுந்தது. அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிற தேதி வந்தது, கொடுத்தாள். மற்ற இருபத்தாறும் ஒழுங்காகத்தான் படித்தாள், ஆனால் ஒவ்வொரு முறை அலமாரியைத் திறக்கும்போதும் இருபத்திமூன்றுக்கு நேரே இருந்த டிக் முதலில் கண்ணில் பட்டது.

இப்படியாக டிசம்பர் முப்பத்தொன்று வந்தது, சனிக்கிழமை. படிவத்தைக் கல்லூரியில் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். அப்பாவோ அன்று மாலை நாலு மணி ரயிலில் ஒரு வாரம் வெளியூர்ப் பரிசோதனைக்குக் கிளம்புகிறார். ஐம்பதாம் புத்தகத்தில் இருபது பக்கம் பாக்கி. "மூணு மணிக்குப் புத்தகத்தோட வா. பாத்துட்டுப் போட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார். அம்மா மருந்துக்கடைக்குப் போனாள். பன்னிரண்டு வருடமாக அங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று டாக்டர் சீட்டு வாங்கி மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை. சனிக்கிழமை அரை நாள்.

காலை ஒன்பதரைக்கு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். கடிகாரம் பழுது பார்க்கிற ஒரு பெண்ணின் கதை. முதல் அத்தியாயத்தில் சண்டை போட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போன தம்பி வருவானா மாட்டானா என்பதுதான் முந்நூறு பக்கமும். பட்டறையில் மாட்டியிருக்கிற அத்தனை கடிகாரத்தையும் அவள் தினம் சரிபார்ப்பாள். தம்பியினுடையதை மட்டும் தொடமாட்டாள். முந்நூற்றிநாலாம் பக்கத்தின் அடியில் கதவு தட்டப்படுகிறது. அக்கா எழுந்திருக்கிறாள். தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். "கதவுக்கு அந்தப் பக்கம்" என்பதோடு பக்கம் முடிகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினாள்.

"அடுப்பு அணைந்து ஆறு மணி நேரம் ஆகியும் கப்பல் நகரவில்லை. சமையல்காரன் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தான்."

கப்பலா? இந்தக் கதையில் ஏது கப்பல்? பக்க எண்ணைப் பார்த்தாள். முந்நூற்றைந்து. சரியாகத்தான் இருந்தது. அடுத்த பக்கம் புரட்டினாள், அதிலும் கப்பல். மாலுமிகள், கேப்டன், சமையல்காரன். கடைசிவரை அக்காவும் இல்லை, தம்பியும் இல்லை.

ஒரு நிமிஷம் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு, காலிலிருந்து மேலே ஏறுகிற மாதிரி, மெதுவாக ஓடியது. அக்கா, தம்பி, நனைந்த குடை, சுவர்க்கடிகாரம். மே மாதம் குளியலறையில் நின்றுகொண்டு படித்தாளே, அந்தப் பக்கம். அது இந்தக் கதையின் முடிவு.

நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைப் பைண்டருக்கு அனுப்புவார்கள். அவர் எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்புத் துணி அட்டை போட்டு முதுகில் எண் ஒட்டித் திருப்பி அனுப்புவார். இந்த இரண்டு புத்தகமும் ஒரே பதிப்பகம், ஒரே எழுத்து, இரண்டும் முந்நூற்றிருபது பக்கம். பதினாறு பதினாறு பக்கமாகத் தைப்பதில், பிரித்துப்போட்ட கட்டுகளில் கடைசிப் பதினாறை ஒன்றுக்கொன்று மாற்றித் தைத்துவிட்டார் மனிதர். எண் சரியாக இருக்கிறதல்லவா, அவர் என்ன கதையா படிக்கப்போகிறார்?

யார் வேண்டுமானாலும் இதைக் கண்டுபிடித்திருக்கலாம். இருபத்திமூன்றாம் புத்தகத்தைப் படித்த எவரும், கப்பல் கதை ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கடிகாரக்காரி வந்து நின்றால், நூலகத்துக்கு ஓடிப்போய்ச் சண்டை போட்டிருப்பார்கள். இவள் போடவில்லை. ஏன் போடவில்லை என்று கேட்டால் என்ன சொல்வாள்? திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வாயைத் திறந்து கத்தவும் முடியாது.

சரி, யாருக்குத் தெரியப்போகிறது என்றும் ஒரு குரல் சொன்னது. மூன்று மணிக்கு அப்பா கடைசிப் பக்கத்தைப் படிப்பார். கப்பல், சமையல்காரன். பதினாறு பக்கத்தையும் படித்துவிட்டுப் போனால் பதில் சொல்லிவிடலாம். கையெழுத்து விழுந்துவிடும். அந்தக் குரல் சொன்னது அத்தனையும் நியாயம். அதனால்தான் அதற்குமேல் கேட்க அவள் உட்காரவில்லை.

புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு நூலகத்துக்கு ஓடினாள். பத்தரை மணி. வாசலில் "வருடக் கணக்கெடுப்பு, இரவல் கிடையாது" என்று தாள் தொங்கியது. உள்ளே நூலகர் ஏணிமேல் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். அவரை மாணவர்கள் உஷ் என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு சத்தத்தைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு எதையும் பல பேர் கேட்டதில்லை.

"சார், ஒரு புத்தகம் வேணும். அந்தக் கப்பல் கதை. முன்னாடி எடுத்ததுதான்."

"பலகையைப் படிச்சியா?"

"வீட்டுக்கு வேண்டாம் சார். இங்கேயே உட்கார்ந்து படிச்சுட்டுத் தந்துடறேன்."

"முன்னாடி எடுத்ததுன்னு சொல்றே. மறுபடி எதுக்கு?"

பதில் நாக்கின் நுனி வரை வந்தது. பைண்டர் செய்த கூத்தைச் சொன்னால் போதும், மனிதர் ஏணியிலிருந்து குதித்து இரண்டு புத்தகத்தையும் பிடுங்கி வைத்துக்கொள்வார். பிறகு மூன்று மணிக்கு அப்பாவிடம் எதைக் காட்டுவது? "முடிவு மறந்துபோச்சு சார்" என்றாள். பொய்யிலும் ஒரு பாதி உண்மை இருந்தது.

உஷ் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "ஒரு மணிக்குப் பூட்டுவேன். ஒரு நிமிஷம் கூடக் கிடையாது" என்றார்.

கடைசிப் பதினாறை முதலில் படித்தாள். ஐம்பதாம் புத்தகத்தை முடிக்க வேண்டுமே. தாழ்ப்பாளில் கை வைத்த அக்காவிடமிருந்து தொடர்ந்தாள். பதினைந்து பக்கம் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். அதே வரிகள். ஒரு எழுத்து மாறவில்லை. அக்கா கதவைத் திறக்கிறாள், உள்ளே வா என்று சொல்லவில்லை, தம்பி குடையை மடக்காமல் நிற்கிறான், அவள் திரும்பிப் போய் அவனுடைய கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறாள். மே மாதத்தில் இது ஒரு கேள்விக்குப் பதில். இப்போது முந்நூறு பக்கம் அந்தப் பெண்ணோடு காத்திருந்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏன் வா என்று சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. மே மாதத்து அவளுக்கும் தெரியாது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு முன்னால் திருப்பி, கப்பல் கதையை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். ஏணிமேலிருந்து "உஷ்" என்று சத்தம் வந்தது.

வெறி பிடித்தவள்போல் படித்தாள், ஆனால் தாவிப் படிக்கவில்லை. சமையல்காரன் கப்பலுக்குக் கிளம்புகிற அன்று, மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். வீட்டைப் பூட்டிச் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தவன், மறந்துபோய்ச் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டு கப்பலேறிவிடுகிறான். இருக்கிறதே ஒரு சாவி. அவள் திரும்பி வந்து பூட்டிய வீட்டின் முன்னால் நிற்கிறாள், பூட்டை உடைக்க மனசு வரவில்லை, பக்கத்து வீட்டில் படுத்துக்கொள்கிறாள். ஒவ்வொரு துறைமுகத்திலும் அவன் சாவியைக் கவரில் போடுகிறான், ஒவ்வொரு துறைமுகத்திலும் ஏதோ ஒன்று தடுக்கிறது. இவ்வளவு நல்ல கதையை ஒரு வாரம் மேஜையில் போட்டு வைத்திருந்தோமே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

நூற்றிருபத்தெட்டாம் பக்கத்தில் புத்தகத்தின்மேல் ஒரு கை வந்தது. "ஒரு மணி" என்றார் உஷ்.

"திங்கக்கிழமை வரைக்கும் குடுங்க சார்."

"கணக்குல ஏறிடுச்சு. திங்கக்கிழமை வா." புத்தகத்தை இழுத்து எடுத்து அடுக்கில் வைத்தார். பூட்டுகிற சத்தம் தெரு வரை கேட்டது.

வீட்டுக்கு நடந்தாள். நூற்றிருபத்தெட்டு பக்கம். மறுபடியும் பாதி. பாதிகூட இல்லை.

ரேடியோக் கடை வாசலில் நின்று, காலையில் பேசிய அந்தக் குரலோடு ஒரு முறை வாதாடிப் பார்த்தாள். ஒரே ஒரு புத்தகம்தானே? அதுவும் திங்கட்கிழமை முடித்துவிடப் போகிறாள். ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது என்பது எந்தப் பரீட்சையிலும் முதல் வகுப்பு. ஒரு காய்ச்சலுக்காக மூன்று வருடம் பற்றுவரவு எழுதிக்கொண்டு கிடக்கவேண்டுமா? வாதத்தில் அந்தக் குரல்தான் ஜெயித்தது. மாடிப்படி ஏறும்போது அவள் ஒரு முடிவோடுதான் ஏறினாள். சொல்வதில்லை. சாகிறவரை சொல்வதில்லை.

வீட்டில் கப்பல் கதையின் கடைசிப் பதினாறையும் பழுப்புப் புத்தகத்தில் இரண்டு முறை படித்தாள். புத்தகத்தின் நடுவில், நூற்றுச் சொச்சம் பக்கத்தில், தீர்ந்துபோன மாத்திரை அட்டை ஒன்று அடையாளத்துக்கு வைத்திருந்தது. நூலகப் புத்தகங்களில் இது அடிக்கடி கிடைக்கும். இந்த ஊரில் புத்தகம் படிக்கிறவர்கள் எல்லாருமே நோயாளிகள்போல என்று வருடம் முழுக்க நினைத்து வந்திருக்கிறாள்.

மூன்று மணிக்கு அப்பா மேஜைக்கு வந்தார். பெட்டி வாசலருகே தயாராக இருந்தது, மேலே டார்ச். படிவத்தை விரித்து வைத்தார். நோட்டை விரித்தார். புத்தகத்தை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கடைசிப் பக்கத்தைப் படித்தார். நிதானமாகப் படித்தார். அம்மா சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றாள்.

"கடைசியில அந்தச் சமையல்காரன் கையில என்ன இருக்கு?"

"சாவி."

"அதை என்ன பண்றான்?"

"கடல்ல எறியக் கையை ஓங்கறான். எறியலை. மறுபடி சட்டைப்பையிலயே போட்டுக்கறான்."

அப்பா நோட்டில் எழுதினார். ஐம்பது. சரி. நோட்டை மூடினார். அவர் முகத்தில் அவள் பார்த்தே அறியாத ஒன்று இருந்தது, மனிதர் சந்தோஷப்பட்டார். "தாண்டிட்டியே" என்றார்.

பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"அப்போ அந்தச் சாவியைக் கடைசி வரைக்கும் அனுப்பவே இல்லையா?" என்றாள் அம்மா, வாசலில் நின்றபடியே. "அவ பாவம், பூட்டை உடைக்க மனசு வராம மூணு வருஷமா பக்கத்து வீட்டுல படுத்துக் கிடந்தாளே."

"யாரு?" என்றார் அப்பா.

"அவன் பொண்டாட்டி."

அப்பா புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பக்கத்துல பொண்டாட்டி யாரும் இல்லையே."

"முன்னாடி வருவா" என்றாள் அம்மா. மேஜைமேல் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள்.

மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. சமையல்காரனின் மனைவி இந்தப் புத்தகத்தில் எங்கேயும் வரமாட்டாள். மேஜையில் இருப்பது கடிகாரக்காரியின் புத்தகம்; அதில் சமையல்காரன் வருவதே கடைசிப் பதினாறு பக்கம்தான். மனைவி வருவது நூலகத்தில் பூட்டிக்கிடக்கிற இருபத்திமூன்றில். அதை அம்மா படித்திருக்கிறாள் என்றால் இந்த வீட்டில் அந்த ஒரு வாரம்தான் படித்திருக்க முடியும். மேஜையில் கிடந்த வாரம். படித்தவளுக்கு முடிவு மாறியிருந்தது தெரிந்திருக்கும். மகள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை என்பதும் தெரிந்திருக்கும்.

அப்பா படிவத்தின் மேல் குனிந்தார். பேனா முனை தாளைத் தொடப்போகிறது. அம்மா வாசலிலேயே நின்றாள். கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே காய்ந்துபோன கையை.

"அப்பா, பேனாவை எடுத்துடுங்க."

"என்ன?"

"இருபத்திமூணு நான் படிக்கலை. கடைசிப் பக்கம் மட்டும் படிச்சுட்டு வந்து பதில் சொன்னேன்."

அப்பா நிமிர்ந்தார். நோட்டைத் திறந்து பின்னால் புரட்டினார். "கதவைத் திறந்தாளா. திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை" என்று தன் கையெழுத்தைத் தானே படித்தார். "சரியாத்தானே சொல்லியிருக்கே."

"அது இருபத்திமூணோட முடிவே இல்லைப்பா. பைண்டர் கடைசிப் பதினாறு பக்கத்தை மாத்தித் தைச்சிருக்கார். நீங்க அன்னிக்குக் கேட்டது இந்தப் புத்தகத்தோட முடிவு. இப்போ கேட்டது அந்தப் புத்தகத்தோட முடிவு. இந்த ஐம்பதை முழுசாப் படிச்சேன், முடிவை நூலகத்துல போய்ப் படிச்சேன். அந்த இருபத்திமூணைத்தான் படிக்கலை. இன்னிக்கு நூத்தி இருபத்தெட்டு பக்கம் வரைக்கும் வந்தேன், பூட்டிட்டாங்க." சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் சொன்னாள்.

அப்பா நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். திட்டுவார் என்று நின்றாள். திட்டவில்லை.

"முப்பது வருஷ சர்வீஸ்ல" என்றார், "மேல்மாடிக்கு மட்டும் போய்ட்டு வந்து சரின்னு எழுதினது இது ஒண்ணுதான்." இருபத்திமூன்றுக்கு நேரே இருந்த "சரி"யைக் குறுக்காக அடித்தார். பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தையும் தேதியையும் போட்டார், ஆபீசில் அடித்தல் திருத்தலுக்குப் போடுவதுபோல. "நாற்பத்தொன்பது. நான் போட முடியாது."

"தெரியும்ப்பா."

அவர் எழுந்து முகம் கழுவப் போனார். குழாய் ஓடுகிற சத்தம் வழக்கத்தைவிட நீளமாகக் கேட்டது. அவள் அம்மா பக்கம் திரும்பினாள்.

"உனக்கு எப்பேர்ந்தும்மா தெரியும்?"

"மே மாசத்துலேர்ந்து." அம்மா மேஜைக்கு வந்து புத்தகத்தை எடுத்தாள். நடுவிலிருந்த மாத்திரை அட்டையை உருவிச் சட்டென்று கைக்குள் வைத்துக்கொண்டாள், பிடிபட்டவள்போல. "காலையில நீ எழுந்திருக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம். கடைக்கு எடுத்துட்டுப் போய்க் கூட்டமில்லாதப்போ கொஞ்சம். டாக்டர் கையெழுத்தையே படிக்கறவளுக்கு அச்செழுத்து என்ன கஷ்டம்."

"எல்லாத்தையுமா?"

"நீ எண்ணி எண்ணிப் படிச்சே. நான் எண்ணலை. இது ஒண்ணுதான் இன்னும் பாதியில நிக்குது."

"தெரிஞ்சும் ஏழு மாசமா ஏன் சொல்லலை?"

அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சொன்னா உங்கப்பா அன்னிக்கே நோட்டை மூடியிருப்பார். பந்தயம் போச்சுன்னா அப்புறம் இந்த வீட்டுக்குள்ள யாரு புஸ்தகம் கொண்டு வரப்போறா? பன்னெண்டு வருஷமா மாத்திரை டப்பாவோட பின்பக்கத்தைத்தான் படிச்சுட்டு இருந்தேன். நானும் உத்தமி இல்லைடி."

அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஆனா ஒண்ணு" என்றாள் அம்மா. "நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா, அவர் போட்ட கையெழுத்தோட அந்தப் படிவத்தைக் கிழிச்சுப் போட்டிருப்பேன்." சொன்ன குரலில் விளையாட்டில்லை. பிறகு படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, டாக்டர் சீட்டைப் படிக்கிற மாதிரியே கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள். "இதுல என்ன போட்டிருக்குன்னு நீங்க ரெண்டு பேரும் என்னிக்காவது படிச்சீங்களா? பெற்றோரில் ஒருவர். அப்பான்னு எங்கே போட்டிருக்கு?"

ஒரு வருடமாக அந்தப் படிவம் அலமாரியில் கிடந்தது. நாற்பத்தொன்பது புத்தகம் படித்தவள் அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை.

அப்பா வந்து பெட்டியைத் தூக்கினார். அவர் காதில் எல்லாம் விழுந்திருக்கத்தான் வேண்டும். மேஜையைப் பார்த்தார். மூடி கழற்றிய பேனா படிவத்தின் மேலேயே கிடந்தது.

"பேனாவை விட்டுட்டுப் போறீங்க" என்றாள் அம்மா.

"விட்டுட்டுத்தான் போறேன்" என்றார் அப்பா. கதவு சாத்திக்கொண்டது. வெளியே லிஃப்ட் மேலே வந்து நின்று, அவரை ஏற்றிக்கொண்டு இறங்குவது கேட்டது.

அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பேனாவை எடுப்பாள் என்று பார்த்தால், புத்தகத்தை எடுத்தாள். முந்நூற்றைந்தாம் பக்கத்தைப் பிரித்தாள்.

"அம்மா, கையெழுத்து."

"இரு. ஏழு மாசமாக் காத்துட்டு இருக்கேன். முடிச்சுட்டுத்தான்."

அவள் உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். இருபத்திமூன்றுக்கு நேரே இருந்த டிக்கை ரப்பரால் அழித்தாள். மை போகவில்லை. பிளேடால் சுரண்டினாள், தாள் அங்கே ஓட்டையாகிவிட்டது. ஓட்டையை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது அம்மா கடைசிப் பக்கத்தில் இருந்தாள். உதடு அசைந்தது. அவள் அசையாமல் நின்றாள். இந்த ஒரு வருடத்தில் அந்த மேஜையருகே இவ்வளவு பயத்தோடு அவள் நின்றதில்லை.

அம்மா புத்தகத்தை மூடினாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பேனாவை எடுத்து, படிவத்தின் அடியில், மருந்துக்கடை ரசீதில் போடுகிற அதே கிறுக்கல் கையெழுத்தைப் போட்டு, தேதியும் எழுதினாள்.

"படுபாவி" என்றாள். "கடைசி வரைக்கும் அவளுக்கு அனுப்பவே இல்லை."